பெர்சிபனி சென்ட் பாட்டில்: மூடியில் எத்தனை மாதுளை முத்து?

பாதாளன்: கிரேக்கப் புராணத்தின் பாதாள அரசி பெர்சிபனியை வைத்து ஒருவர் செய்த சென்ட் பாட்டில் வடிவமைப்பைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, மூடியில் ஆறு சிவப்பு மணிகள். ‘மூலக் கதைப்படி ஆறு முத்து’ என்று விளக்கம் வேறு. எந்த மூலம்? அவள் தாய் தெமெத்தரைப் போற்றும் பழைய கிரேக்கப் பாடலான ஹோமரியத் துதியில், பாதாள அரசன் ஹேடிஸ் அவளுக்குத் தின்னக் கொடுப்பது ஒரே ஒரு மாதுளை முத்து. அதைத் தின்றதால்தான் அவள் ஆண்டுதோறும் பாதாளம் திரும்ப வேண்டியதாகிறது.

குப்பிக்கலை: வடிவமைத்தது நான்தான். ஆறு மாதம் பாதாளம், ஆறு முத்து. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த கதை அதுதான். ஒற்றை மணியைப் பதித்தால் பொத்தான் என்று அழுத்திப் பார்ப்பார்கள்.

பாதாளன்: அதே துதியில் அவள் கீழே இருப்பது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குதான். மாதமும் தவறு, முத்தும் தவறு.

ஏட்டுச்சுவடி: ரோமக் கவிஞர் ஓவிட் ‘மெட்டமார்போசிஸ்’ நூலில் ஏழு என்று எழுதியிருக்கிறார். ஏழு வையுங்கள்.

பாதாளன்: அவரே இன்னொரு நூலான ‘ஃபாஸ்தி’யில் மூன்று என்கிறார். தன் கணக்கே ஒத்துவராதவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். ஒன்று.

அச்சுமை: முத்து கிடக்கட்டும். அந்த மேட் கறுப்புப் பெட்டியைக் கடையில் நாலு பேர் கையில் எடுத்தாலே விரல் தடம் அப்பிக்கொள்ளும். மடிப்பில் மை வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை அட்டை பல்லிளிக்கும்.

குப்பிக்கலை: போன மாதம் என் அத்தர் பெட்டிக்கும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள். உங்களுக்குக் கறுப்பே ஆகாது. வெளிச்சம் பட்டால் வாசனை கெடும். கறுப்புக் கண்ணாடி அதைக் காக்கும். அழகுக்காக மட்டும் வைக்கவில்லை.

பாதாளன்: பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது? சாவு என்றால் கறுப்பு என்று யார் சொன்னது? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் கல்லறைக்கு வாசனை எண்ணெய் கொண்டுபோன லெகிதோஸ் குப்பிகளைப் பாருங்கள். வெண்பூச்சு உடல், ஒடுங்கிய கழுத்து, மெல்லிய கோட்டில் பாதாளப் படகோட்டி காரோன். சிலவற்றில் கழுத்துக்கு அடியில் ஒரு சிறு கிண்ணம் மட்டும் மறைந்திருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டாலே குப்பி முழுதும் நிறைந்ததாகத் தோன்றும். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கறுப்பு எதற்கு? வெண்குப்பி, மூடியில் ஒரு முத்து.

ஏட்டுச்சுவடி: பிறந்தநாள் பரிசாகக் கல்லறைக் குப்பியை யார் கொடுப்பார்கள்? ஏழு முத்து என்றால் பார்வைக்கும் நிறைவு.

பாதாளன்: பாதாளத்தைத் தொட்டுவிட்டுக் கல்லறைக்குக் கூசினால் எப்படி? அவளைக் கட்டிப்போட ஒரு முத்தே போதுமானதாக இருந்தது. அந்தக் கதையின் கொடுமையே அங்கேதான் இருக்கிறது. ஏழு வைத்தால் அது பழத்தட்டு.

ஏட்டுச்சுவடி: அத்தர் விவாதத்திலும் கடைசிச் சொல் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று நின்றீர்கள். ஓவிட் எழுதியது ஏழு.

பாதாளன்: மூன்றும் எழுதினார்.

குப்பிக்கலை: மூடிக்கு அச்சு வெட்டக் கொடுத்தாகிவிட்டது. ஆறு.

பாதாளன்: அப்படியானால் விளக்கத் தாளிலிருந்து ‘மூலக் கதைப்படி’ என்பதை எடுத்துவிடுங்கள்.

அச்சுமை: அந்தத் தாளும் கறுப்பில் வெள்ளை எழுத்தா? 6 புள்ளி அளவில் சுழியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும், இப்போதே சொல்லிவிட்டேன்.