மறு: சோக் பாயின்ட் – தமிழில் என்ன?

நண்பர்களே, நாளைக் காலை வகுப்பு. சிப் செய்யும் கருவிகள் சீனாவுக்குப் போகாமல் அமெரிக்காவும் ஜப்பானும் நெதர்லாந்தும் சேர்ந்து தடுக்கும் கதை. 'ஏற்றுமதிக் கட்டுப்பாடு' கைவசம் இருக்கிறது. சோக் பாயின்ட், அதாவது அங்கே பிடித்தால் மொத்த ஓட்டமும் நின்றுவிடும் குறுகலான இடம், அதற்குத்தான் சொல் இல்லை. 'நெரிசல் புள்ளி' என்றேன், ஒரு மாணவி "டிராஃபிக் ஜாமா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

*

ஐயா, 'மிடறு' இருக்க ஏன் அலைகிறீர்கள்? நீலமணி மிடற்றனாகிய சிவனின் தொண்டையில் நின்ற நஞ்சு மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மிடறும் மிடைதலும் ஒரே வேர் என்பது என் கட்சி. மிடைதல் என்றால் நெருங்குதல். மிடை, மிடைசல், மிடற்றுப்புள்ளி...

*

வேர் ஆராய்ச்சி அருமை, ஆனால் பிள்ளைகளுக்கு மிடறு என்றால் ஒரு மிடறு தண்ணீர்தான். நான் 'மடை' என்பேன். இங்கே அடைக்க வேண்டிய கைகள் பல. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி போட்டது, சரி; ஆனால் ஈயூவி லித்தோகிராஃபி கருவியை, அதாவது மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியால் சிப்பில் நுண்ணிய சுற்றுகளைப் பதிக்கும் கருவியைச் செய்வது உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான், அதற்கு அடுத்த மட்டமான, சற்று நீண்ட அலைநீள ஒளியில் இயங்கும் டியூவியில் ஜப்பானின் நிக்கானும் உண்டு. ஒருவர் அடைத்து இன்னொருவர் திறந்து வைத்தால் தண்ணீர் பாய்ந்துகொண்டேதான் இருக்கும், காசு மட்டும் அடுத்தவர் பைக்குப் போகும். அதனால்தான் 2023 ஜூலையில் ஜப்பான் 23 வகைப் பொருள்களுக்கும், செப்டம்பரில் நெதர்லாந்து சில டியூவி கருவிகளுக்கும் உரிமம் வேண்டும் என்றன. பனிப்போரில், சோவியத் அணிக்குத் தொழில்நுட்பம் போகாமல் மேற்கு நாடுகள் சேர்ந்து தடுத்த கோகாம் அமைப்பு இருந்தபோதே தோஷிபாவின் துணை நிறுவனம், நீர்மூழ்கியின் சுழலி கடையும் எந்திரத்தைச் சோவியத்துக்கு விற்று 1987இல் மாட்டிக்கொண்டது. அது மடை உடைப்பு. மிடறு உடையுமா?

*

மடை என்றதும் 'மடை திறந்த வெள்ளம்'தானே காதில் விழுகிறது, நெரிப்பு எங்கே? 2023 ஆகஸ்டு முதல் சிப் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியத்தை ஏற்றுமதி செய்யச் சீனாவும் உரிமம் கேட்கிறதே, அப்போது நெரிபடுவது யார் கழுத்து? பேசாமல் 'கழுத்துப்பிடி' என்று வையுங்கள்.

*

பிடி என்பது செயல், நமக்கு வேண்டியது இடம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஸ்லைடில் 'மடைப்புள்ளி' போட்டுவிட்டேன், நாடுகள் சேர்ந்து செய்வதற்குக் 'கூட்டு மடையடைப்பு'. மூன்று பேர் சரி என்றார்கள், இருவர் தூங்கப் போய்விட்டார்கள்.

*

பதிவுக்காகச் சொல்கிறேன், எனக்குச் சம்மதம் இல்லை. உகரம் ஒன்று விழுந்தால் உங்கள் மடைப்புள்ளி மடைப்பள்ளி ஆகிவிடும். அந்த மாணவி நாளைக்கு அதைத்தான் கேட்கப்போகிறாள்.