ஈஸ்ட்ஹாம் மாமியின் மேல் அறை

ஈஸ்ட்ஹாம் மாமி: பிள்ளைகள், ஒரு விஷயம் கேட்க வேண்டும். சாவகச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் மாஸ்டர்ஸ் படிக்க செப்டெம்பரில் லண்டன் வருகிறான். மேல் அறை சும்மாதானே கிடக்கிறது, மாதம் 650 பவுண்ஸுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மார்கழியில் மகளுக்குப் பிள்ளை கிடைக்கும், நான் லெஸ்டருக்குப் போய் அவளோடேயே இருந்துவிடுவேன். பெடியன் வீட்டைப் பார்த்துக்கொள்வான். ஊர்ப் பெடியன்தானே, பேப்பர் ஏதும் எழுத வேண்டுமா?

குரோய்டன் அண்ணா: நல்ல விஷயம் மாமி. தெரிந்த பிள்ளைக்குப் பேப்பர் எதற்கு?

குட்டி அக்கா: மாமி, பொறுங்கோ. பேப்பரைப் பிறகு பார்ப்போம். முதலில் லெஸ்டர் கதைக்கு வாருங்கள்.

குட்டி அக்கா: நீங்களும் அவனும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே குசினியையும் பாத்ரூமையும் பாவித்தால் அவன் லொட்ஜர். லொட்ஜரை வீட்டை விட்டு எழுப்பக் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும். மாத வாடகை என்றால் பொதுவாக ஒரு மாதம். ஆனால் குடியிருப்பவரை வெளியேற்றுவது பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அவன் குடிவரும்போதும் அது உங்கள் முதன்மையான வீடாக இருக்க வேண்டும், அவனுடைய இருப்பு முடியும்போதும் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் ஒரேயடியாக லெஸ்டருக்குப் போய்விட்டால் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். பிறகு கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அவனை எழுப்ப முடியாத நிலை வரலாம்.

ஈஸ்ட்ஹாம் மாமி: ஐயோ, நான் அப்ப மகளிடம் போகவே கூடாதா?

குட்டி அக்கா: தாராளமாகப் போகலாம் மாமி. பிள்ளை பிறந்த கையோடு இரண்டு மாதம் நின்று பார்த்துவிட்டு வருவது வேறு. உங்கள் கட்டில், உடுப்பு, சாமி அலுமாரி எல்லாம் இங்கே இருக்கிறது, திரும்பி வருவதும் நிச்சயம் என்றால் அது உங்கள் வீடுதான். டொக்டரை அங்கே மாற்றி, பாங்க் கடிதமும் அங்கே வரத் தொடங்கினால் கதை மாறிவிடும். எங்கள் ஆலோசனை மேசைக்கு வருகிறவர்களில் பலர் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் ஒரு வருடம் கழித்துத்தான் கேட்கிறார்கள். சில பேர் பூட்டையும் மாற்றிவிட்டு வருகிறார்கள். கோர்ட்டு உத்தரவு தேவைப்படுகிற ஆளை அப்படி வெளியே தள்ளினால் அது குற்றம். அந்த நேரத்தில் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இல்போர்ட் சித்தப்பா: பிள்ளை, எங்கள் பின்பக்க அறையில் தனிக் குசினி, தனி டொய்லெட். வாசலும் படியும் மட்டும்தான் பொது. அவரும் லொட்ஜரா?

குட்டி அக்கா: இல்லை சித்தப்பா. வாசல், படி, சாமான் வைக்கிற இடம் எல்லாம் பகிர்ந்ததாகக் கணக்கில் வராது. ஒரே வீட்டில் நீங்கள் இருந்தாலும் அவருக்குக் குறைந்தது நாலு கிழமை எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். போகவில்லை என்றால் கோர்ட்டுதான்.

குரோய்டன் அண்ணா: அப்ப என் ஃபிளாட்? தங்கச்சியின் மகன் வருகிறான். அதில் இருக்கிறவர்களுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எழுப்பலாம் என்று இருந்தேன்.

குட்டி அக்கா: நீங்கள் சொல்வது செக்ஷன் 21 அண்ணா, காரணம் சொல்லாமல் எழுப்புகிற வழி. இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் அது இல்லை, 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் எடுத்துவிட்டது. இனி காரணம் காட்ட வேண்டும். நீங்களோ நெருங்கிய குடும்பமோ குடிவருவது ஒரு காரணம்தான், ஆனால் அந்தக் குடும்பம் என்பது பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், பிள்ளை, பேரப்பிள்ளை, கணவன் மனைவி. தங்கச்சி வரலாம். அவளுடைய மகனுக்காக எழுப்ப முடியாது. பொருந்துகிற ஆளாக இருந்தாலும் நாலு மாத நோட்டீஸ், அதுவும் குடிவந்த முதல் 12 மாதத்துக்குள் வெளியேற்ற முடியாது.

குரோய்டன் அண்ணா: சரி. நல்லவேளை கேட்டேன். அவர்களும் ஒழுங்காக வாடகை கட்டுகிற ஆட்கள்தான்.

ஈஸ்ட்ஹாம் மாமி: பிள்ளை, என் கணக்குக்கு வா. 650 சரியா? இரவுச் சாப்பாட்டுக்குத் தனியாக 80 வாங்கலாமா?

குட்டி அக்கா: சொந்த வீட்டில் தளபாடத்தோடு அறை கொடுத்தால் வருடம் 7,500 பவுண்ஸ் வரை வரி இல்லை. சாப்பாட்டுக் காசும் உடுப்புத் தோய்க்கிற காசும் அதற்குள்தான். 650 என்றால் வருடத்துக்கு 7,800, சாப்பாட்டோடு 8,760. அப்ப வரிக் கணக்குக் காட்ட வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து 625 என்று வையுங்கள், சரியாக 7,500 வரும். மாணவனுக்கும் அது பெரிய உதவி.

குட்டி அக்கா: டிபொசிட்டும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. லொட்ஜர் என்றாலும் ஐந்து கிழமை வாடகைதான் உச்சம். 625க்கு அது 721 பவுண்ஸ் 15 பென்ஸ். இரண்டு மாதம் கேட்கிற பழக்கத்தை விடுங்கள். அண்ணாவுடையது மாதிரி முழு ஃபிளாட் என்றால் அந்தக் காசை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும். லொட்ஜருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஈஸ்ட்ஹாம் மாமி: விசா பார்க்க வேண்டுமாமே? பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, சங்கடமாக இருக்கிறது.

குட்டி அக்கா: சங்கடம் வேண்டாம் மாமி. சொந்தத் தம்பியின் மகன் காசு கொடுத்து இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல், அனுமதி இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் தடவையே லொட்ஜர் ஒருவருக்கு 5,000 பவுண்ஸ் வரை அபராதம். அவனிடம் வாடகைக்கான ஷெயார் கோட் கேளுங்கள், இங்கே வாடகைக்கு இருக்க அனுமதி உண்டா என்று பார்க்கிற குறியீடு அது, ஆர் எழுத்தில் தொடங்கும். பிறந்த திகதியோடு அதை அரசாங்க இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும், அவன் அனுப்புகிற ஸ்கிரீன்ஷொட் செல்லாது. அதில் வரும் படமும் முகமும் ஒன்றா என்று நேரிலோ வீடியோ கோலிலோ பார்த்துவிட்டு, பிரதி எடுத்து வையுங்கள். அவன் போன பிறகும் ஒரு வருடம் அது இருக்க வேண்டும்.

இல்போர்ட் சித்தப்பா: கவுன்சிலுக்குக் கட்டுகிற வீட்டு வரி, கவுன்சில் டாக்ஸ்? மாமி தனியாள் என்று கால்வாசி கழிவு வாங்குகிறா.

குட்டி அக்கா: நல்ல கேள்வி. முழுநேர மாணவனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அந்த 25 வீதம் தொடரும். யூனிவர்சிட்டி கொடுக்கும் கடிதத்தைக் கவுன்சிலுக்குக் காட்ட வேண்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போனால் கழிவும் போகும். மாமி, வீட்டு இன்சூரன்ஸுக்கும் மோர்ட்கேஜ்காரருக்கும் முதலே சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மாமி: மோர்ட்கேஜ் மாமா இருக்கும்போதே முடிந்தது. இன்சூரன்ஸுக்கு நாளைக்குச் சொல்கிறேன். லெஸ்டருக்கு நான் பங்குனி வரைக்கும்தான், மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுகிறாள், ஆனால் வீட்டை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனம் இல்லை.

குட்டி அக்கா: ஞாயிறு மத்தியானம் வருகிறேன் மாமி. வாடகை, திகதி, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் லெஸ்டர் போய் எப்போது திரும்புவீர்கள், எல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதுவோம். கேஸ் பொயிலரை எப்போது பார்த்தது?

ஈஸ்ட்ஹாம் மாமி: போன வருடத்துக்கு முதல் வருடம்.

குட்டி அக்கா: வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், லொட்ஜர் வைத்தாலும் அது கட்டாயம். அவன் வர முதல் செய்துவிடுங்கள். பார்க்க வருகிறவரிடம் கேஸ் வேலைக்குப் பதிவு செய்தவர் என்று காட்டுகிற கேஸ் சேஃப் அட்டை இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள், பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும்.

ஈஸ்ட்ஹாம் மாமி: சரி பிள்ளை. ஞாயிறு புட்டும் மீன் குழம்பும், சாப்பிடாமல் வா.