சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குள் கணினி வந்த கதை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்

1997 ஏப்ரலில் அப்போதைய கல்வி அமைச்சர் தியோ சீ ஹியன் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கான முதல் பெருந்திட்டத்தை அறிவித்தார். மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் எல்லார் வாயிலும் ஒரே எண்தான்: 30 விழுக்காடு. 2002க்குள் பாட நேரத்தில் அவ்வளவு பங்கு கணினியோடு நடக்க வேண்டும், இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒதுக்கிய பணம் 2 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்க, தமிழாசிரியர்களான எங்களுக்குக் கவலையே வேறு. ஒரு கணினியில் அடித்த பயிற்சித்தாளை இன்னொன்றில் திறந்தால் தமிழ் இருக்காது, வெறும் குறியீடுகள்தான் தெரியும். எழுத்துருவே ஒத்துப்போகாதபோது 30 விழுக்காட்டை எப்படி எட்டுவது?

அந்தச் சமயத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் நா. கோவிந்தசாமி இருந்தது எங்கள் நல்ல நேரம். கணினியில் தமிழ் எழுத உதவும் கணியன் மென்பொருளை உருவாக்கியவர். திட்டம் அறிவித்த அடுத்த மாதமே தமிழ்நெட் '97 என்ற தமிழ்க் கணினி மாநாடு சிங்கப்பூரில் நடந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1999இல் மறைந்துவிட்டார். இங்கே தமிழில் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த முதல் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கணினியை இறக்கிவிட்டுப் போய்விடாமல் எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. வகுப்பு நடத்திப் பழகிய ஆசிரியர்களே வந்து சொல்லித் தந்தார்கள். "இந்தப் பாடத்துக்கு இது தேவையில்லை, கரும்பலகையே போதும்" என்று அவர்களால் தயங்காமல் சொல்ல முடிந்தது. அப்புறம் 2003, 2009, 2015 என்று அடுத்தடுத்த திட்டங்கள் வந்தன. இரண்டாவதில் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் பள்ளிகளுக்குக் கூடுதல் உரிமை கிடைத்தது. எங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்ததும் அப்போதுதான்.

ஆனால் தமிழ் வகுப்பு உண்மையில் மாறியது 2018இல் மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளம் வந்த பிறகுதான். அதில் பிள்ளைகள் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வீட்டில் முழுக்க ஆங்கிலம். வகுப்பில் எழுப்பிக் கேட்டால், "தெரியாது, ஆசிரியர்" என்று தலையைக் குனிந்துகொள்வாள். மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தையைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். அவள் அனுப்பியதைக் கேட்டேன். பின்னால் குக்கர் விசில், மின்விசிறிச் சத்தம். நடுவில் ஒரு சொல்லுக்குத் தடுமாறுகிறாள். தூரத்திலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "கொத்தமல்லின்னு சொல்லும்மா." அதை வாங்கிக்கொண்டு நிறுத்தாமல் பேசி முடிக்கிறாள். நாற்பது பேர் முன்னால் வராத தமிழ் சமையலறையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வுக்கு அவளைத் தயார் செய்ய எனக்கு வழி தெரிந்தது. தொழில்நுட்பம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முன்னாள் மாணவன், ஜூரோங் வெஸ்ட்

2020இல் நான் உயர்நிலை மூன்று. கொரோனா கிருமிப் பரவலால் ஏப்ரல் 8 முதல் எல்லாருக்கும் வீட்டிலிருந்தே பாடம் என்று அறிவித்துவிட்டார்கள். எங்களுடையது ஓரறை வாடகை வீடு. நான், தம்பி, தங்கை மூன்று பேருக்கும் அப்பாவின் கைப்பேசிதான். அவர் வேலைக்குக் கிளம்பினால் அதுவும் போய்விடும்.

வகுப்பாசிரியர் முன்கூட்டியே எல்லாருக்கும் போன் போட்டு விசாரித்தார். பள்ளியில் மடிக்கணினி இரவல் கொடுத்தார்கள். ஆனால் கணினி மட்டும் போதவில்லை. தங்கை பாட்டுப் பாடப் பயிற்சி செய்வாள், பக்கத்தில் நான் கணக்குப் பாடம் கேட்க வேண்டும். கடைசியில் வகுப்பாசிரியர்தான் பள்ளிக்கே வந்து உட்கார்ந்து படிக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். வெறிச்சோடிய பள்ளியில் எங்களைப் போலச் சிலர் இடைவெளி விட்டு உட்கார்ந்து படித்தோம்.

உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் படிக்கச் சொந்தமாக மடிக்கணினி, ஐபேட் போன்ற ஒரு சாதனம் என்பதை 2028க்குள் முடிப்பதாகத்தான் முதலில் திட்டம். கிருமிப் பரவல் வந்ததும் 2021 இறுதிக்கே அதை இழுத்துக்கொண்டார்கள். மாணவர் படிப்புச் செலவுக்கு அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து பணம் கட்டலாம், வசதி குறைந்தவர்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. தம்பிக்கு அப்படித்தான் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் படிக்க ஒரு மேசையும் அமைதியும் இல்லாத வீடுகளை அடுத்த திட்டம் எழுதுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஓர் அம்மா, ஈசூன்

ஆசிரியரே, கொத்தமல்லிக் கதையைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்தது. என் மகனுக்கும் அவர்தான் பின்குரல்.

நான் சொல்ல வந்தது வேறு. 2024 ஆகஸ்டில் மாணவர் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் செயலியில் யாரோ ஊடுருவி, 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 பிள்ளைகளின் சாதனங்களில் இருந்ததை அழித்தார்கள் அல்லவா? என் மகன் அப்போது உயர்நிலை இரண்டு. அறிவியல் குறிப்பு முழுக்க அந்த ஐபேடில்தான். திறந்தால் புதிதாக வாங்கியதுபோல வரவேற்புத் திரை. தேர்வு நெருங்கும் நேரம் வேறு. பிள்ளை அழவில்லை, பேசாமல் போய்ப் படுத்துவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது, பள்ளியும் ஆட்களை வைத்து உதவியது. ஆனாலும் எழுதின கை அவனுடையது. நண்பனின் குறிப்பைப் படமெடுத்து மறுபடி எழுதினான்.

எல்லாவற்றையும் ஒரே பூட்டில் பூட்டினால் அந்தப் பூட்டை யார் காவல் காக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்கத்தானே செய்வோம்? இன்னொரு கேள்வி: பள்ளி நேரத்துக்குப் பிறகு சாதனத்தின் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டை அப்படியே வைப்பதா, நாங்களே மாற்றிக்கொள்வதா, முழுக்க எடுத்துவிடுவதா என்று பெற்றோருக்குத் தெரிவு கொடுக்கிறார்கள். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்

உயர்நிலை ஒன்று, இரண்டு என்றால் பள்ளி வைத்தபடியே விடுங்கள், அம்மா. மேல் வகுப்பு போனதும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி நீங்களே நேரத்தை மாற்றுங்கள். முழுக்க எடுத்துவிட்ட வீடுகளிலிருந்து காலையில் தூங்கி வழிந்தபடி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குறிப்புகளைச் சாதனத்தில் மட்டும் வைக்காமல் கூகல் டிரைவிலும் ஒரு பிரதி போட்டுவைக்கச் சொல்லுங்கள். முக்கியமான பாடம் என்றால் தாளிலும் இருக்கட்டும்.

தம்பி, நீங்கள் சொன்ன மேசை விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். 2030க்கான கல்வித் தொழில்நுட்பத் திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி நிறையப் பேசுகிறார்கள். கற்றல் தளத்தில் ஆங்கிலக் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லும் கருவிகூட இருக்கிறது. தமிழுக்கு அப்படி எது வந்தாலும், "எங்க வீட்ல" என்று எழுதும் பிள்ளையை அது எப்படித் திருத்தப்போகிறது என்பதை வகுப்பில் இருக்கும் தமிழாசிரியர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும். இப்போது பணியில் இருப்பவர்கள் யாராவது இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்திப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.