விமான உள்ளமைப்பு வடிவமைப்புக்கு டிஓஏ ஒப்புதல்: சரிபார்ப்பவரின் சார்பின்மையை எப்படி நிறுவுவது?

கேள்வி

வணக்கம். பயணிகள் விமானங்களுக்கான தடுப்புச் சுவர், சிற்றுணவுக் கூடம், பொருள் அலமாரி போன்றவற்றை வடிவமைக்கும் சிறிய நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இதுவரை, டிஓஏ எனப்படும் வடிவமைப்பு நிறுவன ஒப்புதல் பெற்ற வேறொரு நிறுவனத்தின் துணை ஒப்பந்ததாரராக வரைபடங்களையும் வலிமைக் கணக்கீடுகளையும் செய்து கொடுத்து வந்தோம். இப்போது ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையான இயாசாவின் பார்ட் 21, சப்பார்ட் ஜே விதிகளின்கீழ் எங்கள் பெயரிலேயே ஒப்புதல் கோரி விண்ணப்பித்திருக்கிறோம். எங்களிடம் ஈஎன் 9100 தரச் சான்றும், உதிரிபாகங்களைத் தயாரிப்பதற்கான உற்பத்தி நிறுவன ஒப்புதலும் உள்ளன.

முகமையின் ஆய்வுக் குழு, எங்கள் நிறுவன அமைப்பையும் நடைமுறைகளையும் விளக்கும் கையேட்டைப் படித்துவிட்டு, வடிவமைப்பு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை (விதிப் பொருத்தத்தை)ச் சரிபார்ப்பவர் வடிவமைப்பாளரிடமிருந்து சார்பற்றவர் என்பது நிறுவப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. வலிமைக் கணக்கீடு தெரிந்த பொறியாளர்கள் எங்களிடம் இரண்டே பேர். தனித் துறை அமைக்க வசதியில்லை. எங்கள் தேவைக்கு இந்த ஒப்புதல் கட்டாயம்தானா, கட்டாயம் எனில் இக்குறையை எவ்வாறு சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம் ஐயா. நீங்கள் எத்தகைய மாற்றங்களைச் செய்யப் போகிறீர்கள் என்பதே முதற்கேள்விக்கான விடையைத் தீர்மானிக்கும். எடை, சமநிலை, கட்டமைப்பு வலிமை, நம்பகத்தன்மை, இயக்கப் பண்புகள் ஆகியவற்றிலும் வான்தகுதியை, அதாவது விமானம் பாதுகாப்பாகப் பறக்கத் தகுதியாயிருப்பதைத் தொடும் பிற பண்புகளிலும் குறிப்பிடத்தக்க விளைவு ஏதும் இல்லாத மாற்றமே சிறு மாற்றம் ஆகும். அதற்கு எவர் வேண்டுமானாலும் முகமையிடம் நேரடியாக ஒப்புதல் கோரலாம், நிறுவன ஒப்புதல் தேவையில்லை. அதற்கு மேற்பட்டது பெருமாற்றம். ஒரு விமான வகையின் வடிவமைப்புக்கு வழங்கப்படும் வகைச் சான்றிதழ் உங்களுடையது அல்லாததால், பெருமாற்றத்துக்கு, அந்த வடிவமைப்பில் பிறர் செய்யும் மாற்றத்தை அங்கீகரிக்கும் துணை வகைச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பவர் தம் வடிவமைப்புத் திறனை டிஓஏ வழியாக நிறுவ வேண்டும் என்பதே பொது விதி. எளிய பணிகளுக்கு மட்டும், முகமை ஏற்றுக்கொண்ட மாற்று நடைமுறைகளைக் கொண்டு அதை நிறுவ வழியுண்டு.

சிற்றுணவுக் கூடத்தின் இருப்பிடத்தை மாற்றுவது, தரைப் பிணைப்புகளில் புதிய சுமையை ஏற்றுவது போன்ற பணிகள் உங்களுக்கு வழக்கமானவை எனில், டிஓஏ-வுக்கே செல்லுங்கள். உற்பத்தி ஒப்புதல் இதற்கு ஈடாகாது. ஒப்புதல் பெற்ற வடிவமைப்புத் தரவுகளின்படி பாகத்தைச் செய்ய முடியும் என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது. அந்தத் தரவு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி அதன் எல்லைக்குள் வருவதில்லை.

அமெரிக்க நடைமுறையைப் படித்துவிட்டுப் பலர் குழம்புவதால் ஒன்று சொல்கிறேன். அங்கு துணை வகைச் சான்றிதழ் பெறுவதற்கு நிறுவன ஒப்புதல் முன்நிபந்தனை அல்ல. அங்குள்ள ஓடிஏ என்பது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் பணிகளில் சிலவற்றை ஒரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு. அந்த வாதத்தை இயாசாவிடம் முன்வைப்பதில் பயனில்லை.

இரண்டாம் பதில்

சரிபார்ப்பவரைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன.

தனித் துறை வேண்டும் என்று விதி கேட்கவில்லை. விதிப் பொருத்த ஆவணத்தை உருவாக்கியவரே அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடக் கூடாது என்பதுதான் அது கேட்பது. சிவிஈ எனப்படும் சரிபார்ப்புப் பொறியாளர், ஆவணத்தைத் தயாரிப்பவருடன் சேர்ந்து பணியாற்றவும் செய்யலாம். எனவே உங்கள் இரு பொறியாளர்களில் ஒருவர் ஒரு திட்டத்தின் கணக்கீட்டைச் செய்ய, மற்றவர் அதைச் சரிபார்க்கலாம். அடுத்த திட்டத்தில் பொறுப்புகள் மாறலாம். ஆனால் இது கையேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: யார் எந்தத் தொழில்நுட்பத் துறைக்கு நியமிக்கப்பட்டவர், எந்தத் தகுதியின் பேரில், ஒரே ஆவணத்தில் தயாரித்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் ஒன்றாகிவிடாமல் எந்தப் படிநிலை தடுக்கிறது என்பவை அனைத்தும் அதில் தெரிய வேண்டும்.

உதாரணமாக, அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கிய 9 ஜி விசையை, அதாவது எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையைத் தடுப்புச் சுவரின் பிணைப்புகள் தாங்குமா என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பவர் கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்தால் போதாது. சுமை எந்த வழியாக விமானத்தின் உடற்பகுதிக்குச் செல்கிறது என்ற அனுமானம் சரியா, மிக மோசமான எடைப் பரவல் எடுத்துக்கொள்ளப்பட்டதா, விதியின் எல்லா உட்பிரிவுகளும் தொடப்பட்டனவா என்பவற்றைத் தன் சொந்த அறிவால் தீர்மானிக்க வேண்டும். அவர் மறுப்புத் தெரிவித்த இடமும் அது தீர்க்கப்பட்ட விதமும் பதிவாகியிருந்தால், ஆய்வுக் குழு எந்த விளக்கத்தையும் விட அதையே அதிகம் நம்பும். எரிதன்மைச் சோதனை போன்ற துறைக்கு உங்களிடம் ஆள் இல்லையெனில், வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் ஒருவரை அமர்த்தலாம்; அவர் உங்கள் நடைமுறையின்கீழ், உங்கள் நியமனத்தால் கையொப்பமிட வேண்டும், பொறுப்பும் உங்களுடையதே.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் எங்கள் தர மேலாளருக்கு இதில் இடமே இல்லையா? சிறு மாற்றங்களை நாங்களே அங்கீகரிக்கும் உரிமை ஒப்புதலுடன் தானாகவே வந்துவிடுமா?

இரண்டாம் பதிலளித்தவர்

தர மேலாளருக்கு முக்கியமான இடம் உண்டு. சரிபார்ப்புக்கு அப்பால், முழு அமைப்பும் கையேட்டின்படி இயங்குகிறதா என்று கண்காணிக்கும் சார்பற்ற பணி ஒன்று இருக்கிறது. அதை உங்கள் தரப் பிரிவிடமே ஒப்படைக்கலாம், தாம் செய்த பணியைத் தாமே தணிக்கை செய்யாத வரை. வான்தகுதி விவகாரங்களைக் கவனிக்கும் வான்தகுதி அலுவலகத்தின் தலைவர் பொறுப்பை அவருக்கே கொடுத்துவிட்டால் இந்தச் சார்பின்மை போய்விடும், கவனம்.

உரிமைகள் தாமாக வருவதில்லை. மாற்றங்களைச் சிறியது, பெரியது என வகைப்படுத்துவதும் சிறு மாற்றங்களை அங்கீகரிப்பதும் பார்ட் 21-இன் 21.ஏ.263 விதியின்கீழ் வருகின்றன, ஒப்புதல் ஆவணத்தில் எழுதப்பட்ட எல்லைக்குள் மட்டுமே அவை செல்லும். உள்ளமைப்புக்கும் கட்டமைப்புக்கும் மட்டும் ஆள்பலம் இருக்கும்போது மின்னமைப்பையும் சேர்த்துக் கேட்காதீர்கள். நிறுவ முடியாத துறை விண்ணப்பம் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். கையேட்டைத் திருத்தும்போது, உங்களிடம் இப்போது நடக்கும் உண்மையான திட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை அதன் நடைமுறைப்படி நடத்திப் பாருங்கள். படிவம் எங்கே பொருந்தவில்லையோ அங்கே கையேட்டை மாற்றுங்கள்.

முதல் பதிலளித்தவர்

ஒன்று சேர்க்கிறேன். 2023 மார்ச் 7 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வடிவமைப்பு உறுதிப்பாட்டுடன் (வடிவமைப்பு விதிகளுக்குப் பொருந்துவதை உறுதிசெய்யும் ஏற்பாடு), ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து கட்டுப்படுத்தும் பாதுகாப்பு மேலாண்மையும் நிறுவன அமைப்பின் பகுதியாக இருக்க வேண்டும். பழைய மாதிரிக் கையேட்டை வைத்து எழுதியிருந்தால் அந்தப் பகுதி விடுபட்டிருக்கும், பாருங்கள். உங்கள் வடிவமைப்பால் பாதுகாப்பற்ற நிலை உருவாகலாம் எனத் தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் முகமைக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. விடுமுறை நாளில் அந்தச் செய்தியைப் பெற்று முடிவெடுப்பவர் யார் என்பதைக் கையேட்டில் பதவியைக் குறிப்பிட்டே எழுதிவிடுங்கள்.