மழை வெள்ளம் வந்தா லோக்கல் சேனல், எப்.எம் எல்லாம் அதிகாரி சொன்னத மட்டும்தான் சொல்லணுமா? சட்டமே அப்படித்தானா?

செல்லூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். 2024 அக்டோபர் 25 மழைய நம்ம மதுரைக்காரங்க யாரும் மறந்துருக்க மாட்டீங்க. மத்தியானத்துக்கு மேல கொஞ்ச நேரத்துல கொட்டித் தீத்துருச்சு, பந்தல்குடி கால்வாய் நெரம்பி எங்க பக்கம் தெருத்தெருவா வீட்டுக்குள்ள தண்ணி. கரண்டும் போயிருச்சு. எங்கம்மா பேட்டரி ரேடியோவ எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு எப்.எம்-மா மாத்தி மாத்திக் கேக்குறாங்க, ஒண்ணுல பாட்டு, ஒண்ணுல நகைக்கடை விளம்பரம். எந்தத் தெருவுல தண்ணி ஏறுது, வயசானவங்கள எந்த வழியாக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்றதுக்கு ஒருத்தர் இல்ல. வாட்ஸப்ல என்னடான்னா கண்மாய் ஒடஞ்சிருச்சு, டேமத் தொறந்துவிட்டுட்டாய்ங்கன்னு ஆளாளுக்கு ஆடியோ போடுறாய்ங்க.

லோக்கல் கேபிள் சேனல்ல வேலை பாக்குற தெரிஞ்ச தம்பி ஒருத்தர் பெறகு சொன்னாரு, ஒரு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சாம், தண்ணி நிக்கிறதவே திரும்பத் திரும்பக் காட்டாதீங்க, ஜனங்க பயந்துருவாங்க, அமைச்சர் வந்து பாக்குறதப் போடுங்கன்னு. அவுங்களும் பேசாம மாத்திட்டாங்க.

இதுல நான் எந்தக் கட்சியையும் சொல்ல வரல, யாரு ஆண்டாலும் இதேதான் நடக்குது. எனக்குத் தெரிய வேண்டியது, பேரிடர் நேரத்துல எத ஒளிபரப்பலாம் எத ஒளிபரப்பக் கூடாதுன்னு சொல்ல அரசாங்கத்துக்கு சட்டப்படி எவ்வளவு அதிகாரம் இருக்கு? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாட்டுத்தாவணி வக்கீல்:

அண்ணே, நீங்க கேட்டதுக்கு சட்டத்துல இருக்குறத அப்படியே சொல்றேன். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல ரெண்டு பிரிவு முக்கியம். பிரிவு 67 என்ன சொல்லுதுன்னா, ஒரு ஆபத்து வருதுன்னா அந்த எச்சரிக்கைய ஒளிபரப்பச் சொல்லி டிவி, ரேடியோவுக்கு அரசு உத்தரவு போடலாம், அவுங்க போட்டே ஆகணும். கவனிங்க, இதச் சொல்லுன்னு உத்தரவு போட அதிகாரம் இருக்கு, மத்தத சொல்லாதன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. அடுத்தது பிரிவு 54, பொய்யான எச்சரிக்கையக் கெளப்பி ஜனங்க பீதியாகுற மாதிரி பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம். அதுவும் பொய்யா இருந்தாத்தான். உங்க தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குது, அதக் காட்டுனா அது எப்படிப் பொய்யாகும்?

கேபிள் டிவி சட்டம் 1995-ல பிரிவு 19 இருக்கு, கலெக்டர், ஆர்.டி.ஓ, போலீஸ் கமிஷனர் மாதிரி அதிகாரிக ஒரு நிகழ்ச்சியத் தடை பண்ணலாம், ஆனா அதுக்கு உத்தரவு போடணும், காரணமும் அந்தச் சட்டத்துல சொன்ன காரணமா இருக்கணும். போன்ல சொல்றதெல்லாம் உத்தரவே கெடையாது. அந்தத் தம்பி சேனல் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், சார் எழுத்துல குடுங்கன்னு கேக்கணும். பாதிப் பேரு அங்கயே விட்ருவாங்க. ஆனா சின்ன சேனல்காரங்களால கேக்க முடியாது, லைசன்ஸ், கேபிள் கனெக்‌ஷன், அரசு விளம்பரம்னு எல்லா முடிச்சும் அதே ஆபீசுங்க கையில இருக்கு. கட்டுப்பாடு அங்கதான் இருக்கு.

பழைய ஆர்ஜே:

வக்கீல் சார் டிவி பத்தி சொல்லிட்டாங்க, ரேடியோ கதை வேற. நான் மதுரைல தனியார் எப்.எம்-ல கொஞ்ச காலம் வேலை பாத்தவன், அதனால எழுதுறேன்.

இந்த நாட்டுல தனியார் எப்.எம் சொந்தமா செய்தி வாசிக்கவே கூடாது. நெறையப் பேருக்கு இது தெரியாது. மழைன்னு இல்ல, எந்த நாள்லயும் கூடாது. 2011-ல வந்த எப்.எம் மூணாங்கட்டக் கொள்கைல கொஞ்சம் எறங்கி வந்து, டிராபிக், வானிலை, விளையாட்டு, பரீட்சை முடிவு, அப்பறம் கரண்டு, தண்ணி, இயற்கைச் சீற்றம் பத்தின அறிவிப்பு இதெல்லாம் செய்தி இல்லன்னு எடுத்துக்குறோம், சொல்லிக்கங்கன்னாங்க. ஆனா இந்த அறிவிப்பு வகைக்கு ஒரு வால் ஒட்டி வச்சிருக்காங்க, உள்ளாட்சி நிர்வாகம் குடுத்தபடிதான் சொல்லணும்னு. அதாவது ஆலங்குளத்துல இருந்து ஒருத்தர் போன் போட்டு அண்ணே இங்க பாலத்துக்கு மேல தண்ணி போகுதுன்னு சொன்னா, ஸ்டுடியோல உக்காந்துருக்க நான் அத ஆன் ஏர்ல சொல்றதுக்கு ஸ்டேஷன் மேனேஜர் யோசிப்பாரு, ஏன்னா நிர்வாகம் எங்களுக்கு அப்படி எதுவும் குடுக்கல. நிர்வாகத்துல இருந்து மெயில் வர்றதுக்குள்ள தண்ணியே வடிஞ்சிரும். உங்கம்மா கேட்ட நேரத்துல பாட்டு ஓடுனதுக்குக் காரணம் ஆர்ஜேக்களுக்கு அக்கறை இல்லாம இல்லைங்க.

2019-ல இருந்து ஆல் இந்தியா ரேடியோ செய்திய மாத்தாம அப்படியே மறு ஒலிபரப்பு பண்ணலாம்னு விட்டாங்க. டெல்லி செய்திய வச்சு செல்லூர்ல என்ன பண்றது. காமன் காஸ்னு ஒரு அமைப்பு 2013-லயே இந்தத் தடைய எதுத்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2023 செப்டம்பர்ல ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கூட ஒரு மணி நேரத்துக்கு பத்து நிமிஷம் செய்தி வாசிக்க எப்.எம்-முக்கு விடலாம்னு பரிந்துரை பண்ணுச்சு. கரண்டு இல்லாத வீட்லயும் வேலை செய்யுற ஒரே சாதனம் ரேடியோதான், அதோட வாயத்தான் மொதல்ல கட்டி வச்சிருக்கோம்.

கம்பம் விவசாயி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. 2011 நவம்பர் டிசம்பர்ல கம்பம் குமுளி பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும், டிவிக்காரன இஷ்டத்துக்கு விட்டா என்னாகும்னு. இடுக்கில லேசா நெலம் அதிர்ந்துச்சு, ஒடனே அங்கிட்டு கேரளா சேனல்கள்ல முல்லைப் பெரியாறு அணை இந்தா ஒடையுது, அந்தா ஒடையுதுன்னு ராத்திரி பகலா ஓட்டுனாய்ங்க. அந்தப் பயம் எங்க வந்து முடிஞ்சுச்சு? ஏலத்தோட்ட வேலைக்குப் போன எங்க ஊருப் பொம்பளைங்க அடிபட்டு அழுதுக்கிட்டு மலை எறங்கி வந்தாங்க. பெறகு சுப்ரீம் கோர்ட் போட்ட நீதிபதி ஆனந்த் கமிட்டி அணை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுச்சு, 2014 மே 7-ல சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம்னு சொல்லிருச்சு. ஆனா பட்டது பட்டதுதான?

2021 அக்டோபர்லயும் இதே கூத்து, அணைய இடிக்கணும்னு நெட்ல கெளப்பிவிட்டாங்க, அப்ப கேரள முதல்வரே தேவையில்லாம பீதி கெளப்பாதீங்கன்னு சட்டசபைல சொல்ல வேண்டியதாப் போச்சு. அதனால கட்டுப்பாடே வேண்டாம்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல. பேரிடர்னா ஒரே வாய்தான் பேசணும், அது அரசாங்கமா இருக்கட்டும்.

மாட்டுத்தாவணி வக்கீல்:

கம்பம் ஐயா சொல்றதுல இருக்குற வலி புரியுது. நாங்க யாரும் வதந்திக்கு வக்காலத்து வாங்கல. 2024 ஆகஸ்ட்ல வயநாடு நிலச்சரிவுக்கப்பறம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லா சேனலுக்கும் ஒண்ணு சொல்லுச்சு, பேரிடர் காட்சி போட்டா அது எடுத்த தேதியும் நேரமும் ஸ்க்ரீன்ல தெரியணும்னு. பத்து நாளைக்கு முந்துன வெள்ளத்த இன்னிக்கி வெள்ளம் மாதிரி ஓட்டுறத நிறுத்த அது நல்ல ஏற்பாடு, அத நான் மனசார வரவேற்குறேன்.

ஆனா ஒரே வாய்னு சொல்றீங்களே, அந்த வாய் மூடிக்கிட்டா என்ன பண்றது ஐயா? 2023 ஜனவரில உத்தராகண்ட் ஜோஷிமட்ல ஊரே விரிசல் விட்டு எறங்குச்சு. பன்னெண்டு நாள்ல 5.4 சென்டிமீட்டர் எறங்கிருக்குன்னு இஸ்ரோவோட ஒரு மையம் சாட்டிலைட் படத்த வச்சு ரிப்போர்ட் போட்டுச்சு. என்ன பண்ணாங்க? தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் எல்லா ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் மீடியாகிட்ட பேசாதீங்க, சோஷியல் மீடியால தரவு போடாதீங்கன்னு எழுதிருச்சு, அந்த ரிப்போர்ட்டும் இணையதளத்துல இருந்து காணாமப் போச்சு. இஸ்ரோ சொன்னது பொய்யில்ல, அளந்து சொன்னது. வீடு விரிஞ்சு கெடக்குறவனுக்கு அந்தக் கணக்கு தெரியக் கூடாதா? கடைசில அந்த வருஷம் செப்டம்பர்ல உத்தராகண்ட் ஹைகோர்ட் இதையெல்லாம் ஏன் ரகசியமா வைக்கிறீங்கன்னு கேட்ட பெறகுதான் மத்த ரிப்போர்ட்டெல்லாம் வெளிய வந்துச்சு.

வயநாட்லயும் 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி, நிலச்சரிவு நடந்த மேப்பாடிக்கு விஞ்ஞானிங்க போகக் கூடாது, மீடியால கருத்து சொல்லக் கூடாதுன்னு மாநில அரசுலருந்து ஒரு உத்தரவு வந்துச்சு, எதிர்ப்பு கெளம்புனதும் முதல்வர் சொல்லி ஒடனே வாபஸ் வாங்கிட்டாங்க. ஒண்ணு மத்தியில, ஒண்ணு மாநிலத்துல, கட்சியும் வேற வேற. ரெண்டுலயும் தடுத்தது வதந்தி பரப்புறவன இல்ல, தெரிஞ்சு பேசக் கூடிய ஆள.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

இது புதுசில்ல தம்பிகளா. நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம் 1876-லருந்து 78 வரைக்கும் ஜனத்தக் கொன்னுச்சு, அந்த 1878-லதான் லிட்டன் பிரபு சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டாந்தார், இங்கிலீஷ் பத்திரிகைக்கு அது கெடையாது, நம்ம பாஷையில எழுதுறவனுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. 1943 வங்காளப் பஞ்சத்துல தணிக்கை இருந்துச்சு, அப்ப ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22-ம் தேதி கல்கத்தா தெருவுல பட்டினியாக் கெடந்தவங்க போட்டோவப் போட்டாரு. அதுக்கப்பறந்தான் வெளிநாட்டுக்கே விஷயம் எட்டுச்சு. அவர் வெள்ளைக்காரர், அவர் பத்திரிகையும் வெள்ளைக்காரங்க பத்திரிகை, இருந்தும் போட்டாரு. பிள்ளைகளுக்கு வகுப்புல இதச் சொல்றப்பல்லாம் எனக்குத் தொண்ட அடைக்கும்.

பாம்பன் காத்து:

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30. கன்னியாகுமரி பக்கம் கடலுக்குப் போனவங்க எத்தன பேர் திரும்பலன்னு அரசாங்கம் ஒரு கணக்கு சொல்லுது, ஊர்ல சர்ச்சுல வீடு வீடாப் பேரெழுதுன லிஸ்ட் வேற கணக்கு சொல்லுது. குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஜனம் ராத்திரி வரைக்கும் தண்டவாளத்துல உக்காந்த பெறகுதான் ஊர்க் கணக்க காது குடுத்துக் கேட்டாங்க. அன்னிக்கி மட்டும் ஒரே வாய் பேசட்டும்னு விட்ருந்தா அந்தப் பேருல பாதி காணாமலே போயிருக்கும் கம்பம் அண்ணே.

எங்க பாம்பன்ல கடல் ஓசைன்னு 90.4-ல சமுதாய வானொலி 2016-லருந்து ஓடுது, மீனவங்களுக்காகவே. காத்து எப்படி, கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு எங்க பேச்சுலயே சொல்லுவாங்க. டெல்லில இருந்து வர்ற அறிவிப்புல மணிக்கு இத்தன கிலோமீட்டர் வேகம்னு இருக்கும், எங்காளு அதக் கேட்டுட்டு வல்லத்த எறக்கலாமா கூடாதான்னு சொன்னாத்தான் எங்கப்பா மாதிரி ஆளுக்குப் புரியும். ஆனா சமுதாய வானொலிக்கும் சொந்தச் செய்தி கூடாதுங்கற அதே ரூல்தான்.

கம்பம் விவசாயி:

சர்ச் லிஸ்ட் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி, அது நியாயம். நானும் ஒண்ணு யோசிச்சேன். வைகை அணைல 66 அடி வந்தா மொத எச்சரிக்கை, 68.5 அடிக்கு ரெண்டாவது, 69-க்கு மூணாவது, அணைல தேக்குற முழு அளவு 71. இது அஞ்சு மாவட்டத்துலயும் சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும். பேப்பர்ல தெனமும் நீர்மட்டம் வருது. 69 அடின்னு செய்தி போட்டா யாரும் பீதின்னு கேஸ் போடல, ஜனமும் அலறி அடிச்சு ஓடல, ஆத்துக்குள்ள கட்டுன மாட்ட அவுத்துட்டு வருவோம் அவ்வளவுதான். எங்க பெரியாறு அணை மட்டமும் அப்படித் தெனம் வர்றதாலதான் இப்பல்லாம் எங்களுக்கு நெஞ்சு பதறுறதில்ல. அளவு தெரிஞ்சா பயம் வராது. டிவிக்காரன் கத்துறத அடக்கணும்னு நான் இன்னமும் சொல்லுவேன், ஆனா அளவ மறைக்கிறது தப்புதான், அத ஒத்துக்குறேன்.

செல்லூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வக்கீல் சாருக்கும் கம்பம் ஐயாவுக்கும் ரொம்ப ரொம்ப. ஐயா சொன்னதுல எனக்குப் பொறி தட்டுச்சு. வைகைக்கு 66, 68.5, 69 இருக்கு, பந்தல்குடி கால்வாய்க்கு என்ன இருக்கு? செல்லூர் கண்மாய்ல எவ்வளவு வந்தா எங்க தெருவுக்குத் தண்ணி வரும்னு யாராச்சும் எங்களுக்குச் சொல்லிருக்காங்களா? கால்வாய் பாலத்துத் தூண்ல அடிக் கணக்குப் போட்டு வைக்கணும், மழை நேரத்துல மணிக்கு ஒருக்கா அந்த அளவ வெளியிடணும்னு திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம்னு இருக்கோம், எங்க தெருப் பெண்கள் சுய உதவிக் குழுவும் கையெழுத்துப் போடுறாங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி செஞ்சாகணும். மனு எப்படி எழுதுறதுன்னு யாராச்சும் ஒதவுங்க.

பழைய ஆர்ஜே:

நான் எழுதித் தர்றேன்ணே, சாயங்காலத்துக்குள்ள அனுப்புறேன். ஒரு வரி கண்டிப்பாச் சேத்துக்கங்க, அந்த அளவ வெப்சைட்ல போட்டா மட்டும் பத்தாது, மதுரைல இருக்குற எல்லா எப்.எம் ஸ்டேஷனுக்கும் அதே நேரத்துல நிர்வாகமே அனுப்பணும்னு. நிர்வாகம் குடுத்தபடி சொல்லணும்னுதான் ரூல், அவுங்களே குடுத்துட்டா பாட்ட நிறுத்திட்டுச் சொல்றதுக்கு எந்த ஸ்டேஷனும் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல.