காசிமேட்டு ஏலத்துல ஒதட்டசைவ பாத்து ரேட் எழுதுற ஆப், வேலைக்காவுமா?

ஐஸ்பெட்டி:
என் தம்பி காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆப் பண்றான், மீன் ஏலத்துல சொல்ற ரேட்ட கேட்டு தானா எழுதிக்கும். போன ஞாயித்துக்கெழம காசிமேட்டுல வெச்சுப் பாத்தோம், போட் இன்ஜின், ஐஸ் ஒடைக்கிற மெஷின், ஜனங்க கத்துறதுன்னு எல்லாம் சேந்து "எழுவது"ன்னா "எம்பது"ன்னு எழுதுது. இப்ப கேமராவும் வெச்சு ஒதட்டசைவயும் சேத்துக்கலாம்ன்றான். தேறுமா?

பவர்குப்பம்_பையன்:
இன்னாபா இது, சட்டைல கிளிப் மைக் மாட்டுனா மேட்டர் ஓவர். ஏலம் வுடுற ஆளு தலைய திருப்பிக்கினே கீறாரு, அதுவும் விடியக்காத்தால, பாதி மூஞ்சி இருட்டுல. கேமரா எத்த பாக்கும்?

லோகோஷெட்:
எதிர்ல நின்னு ரேட் கேக்குற 20 பேருக்கும் கிளிப் மைக் மாட்டுவியா? நான் 28 வருஷம் ஷெட்டுல சுத்தியல் சத்தத்துல வேல பாத்தவன், ஒருத்தர் வாய ஒருத்தர் பாத்துதான் பேசிக்குவோம். 1954லயே சம்பி, போலாக்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பாத்துட்டாங்க, இரைச்சல் ஏற ஏற பேசுறவன் மூஞ்சியப் பாக்குறது அவ்ளோ கை குடுக்குது. கண்ணாடி முன்னாடி நின்னு "எம்பது" சொல்லு, நடுவுல ஒதடு ஒட்டும். "எழுவது"ல ஒட்டவே ஒட்டாது.

பவர்குப்பம்_பையன்:
சர்தான், சொல்லிப் பாத்தேன். ஆனா "அம்பது"க்கும் ஒட்டுதே? "அறுவது", "எழுவது" ரெண்டும் ஒட்டல. ற, ழ எல்லாம் நாக்கு உள்ள பண்ற வேல, கேமரா இன்னா வாய்க்குள்ள பூந்து பாக்குமா 😂

லோகோஷெட்:
அதுக்குத்தான்பா ரெண்டும் சேத்து. மொத எழுத்து அ-வா எ-வான்றது கூச்சல்லயும் ஓரளவு மைக்குக்கு கேட்டுரும், ஒதடு ஒட்டுச்சான்றத கேமரா சொல்லிரும். எந்த நேரத்துல எத நம்பணும்னு மாடல், அதான் ஆப்புக்குள்ள கீற கத்துக்குற ப்ரோக்ராம், கத்துக்கத்தான் ட்ரெய்னிங்ல வேணும்னே இரைச்சல கலந்து குடுப்பாங்க.

மீன்கூட_அக்கா:
தம்பிங்களா, எங்கம்மா அங்கதான் கூட வெச்சிருக்கு, வாய்ல எப்பவும் வெத்தல, அதக்கிக்கினு பேசுனா எனக்கே ஒதடு புரியாது. இன்னொண்ணு, எவ்ளோ வரைக்கும் கேக்கலாம்னு நாங்க ஓரமா நின்னு கிசுகிசுன்னு பேசிக்குவோமே, அதயும் ஒன் கேமரா படிச்சுடுமா? அப்டின்னா கேமரா கடல்லதான் கெடக்கும்.

ஐஸ்பெட்டி:
ஐயோ அக்கா, இத யோசிக்கவே இல்ல. லோகோ அண்ணே, ஒதட்டசைவு படிக்க கத்துக்குடுக்க இங்கிலீஷ்ல எல்லாரும் எடுக்குற எல்ஆர்எஸ்3ன்ற வீடியோ தொகுப்பு டெட் (TED) மேடைப் பேச்சு வீடியோங்க, மேடை, லைட்டு எல்லாம் பளிச்சுன்னு. நம்ம ஏலத்துக்கு அது எப்டி ஒத்து வரும்?

லோகோஷெட்:
வராது. நாமதான் எடுக்கணும், சம்மதம் சொல்றவங்கள மட்டும். மொதல்ல நம்பருங்க மட்டும் போதும்.

பவர்குப்பம்_பையன்:
எடுங்க, நானும் கிளிப் மைக்கோட வரேன், எது ஜெயிக்குதுன்னு பாப்போம். ஆனா டெஸ்ட்டுக்காக அக்காவோட அம்மாவ வெத்தலய துப்ப சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்.