பாராளுமன்ற உரைபெயர்ப்பாளர் அக்கா இளைப்பாறுகிறார்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தில் நீண்ட காலம் தமிழ்ச் சமகால உரைபெயர்ப்பாளராக, அதாவது உறுப்பினர்கள் பேசப் பேசவே அதைத் தமிழில் சொல்பவராக, இருந்த அக்கா இந்த மாதம் இளைப்பாறுகிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பழகியவர்கள் எழுதுங்கள், எல்லாவற்றையும் அச்செடுத்துப் பிரியாவிடை அன்று அவர் கையில் கொடுக்கப் போகிறோம்.

நான் அவரிடம் வேலை பழகியவள். அவரின் அருமை வரவு செலவுத் திட்ட விவாதத்தில்தான் முழுதாகத் தெரியும். எங்களில் ஒருவர் ஒலிவாங்கியில் உரைபெயர்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் தொகைகளையும் பெயர்களையும் தாளில் குறித்து நீட்ட வேண்டும். அத்தனை மூத்தவர், எனக்காக அதைச் செய்வார். தமிழைப் போலவே சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், கூடவே ஓடிவிடலாம். உறுப்பினர் திடீரென ஆங்கிலத்துக்குத் தாவினால்தான் மூச்சு முட்டும். அப்போதும் அக்காவின் குரல் தளம்பாது. 225 பேரில் யார் எழுந்தாலும் அவர் எந்த வேகத்தில் போகப்போகிறார் என்று முதல் வரியிலேயே கணித்துவிடுவார்.

ஒரு நாள் சபையில் பெரிய கூச்சல். தமிழ் உறுப்பினர் ஒருவரைப் பார்த்து யாரோ சிங்களத்தில் மிக மோசமாக ஏதோ சொன்னார். அக்கா ஒரு சொல்லையும் மழுப்பாமல் அப்படியே தமிழில் சொன்னார். அந்த உறுப்பினர் உடனே எழுந்து, சபை விதி மீறப்பட்டது என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "நாங்கள் மென்மையாக்கிச் சொல்லியிருந்தால் அவர் பேசாமல் இருந்திருப்பார். பதில் சொல்லுற உரிமை அவருடையது பிள்ளை, அதை நாங்கள் எடுக்கக் கூடாது" என்றார். உறுப்பினர் தமிழிலோ சிங்களத்திலோ கடமையாற்றலாம் என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. அது எழுத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். பேசியவரின் பெயர் சபை உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் வரும், இவர்கள் பெயர் வராது.

*

நான் பத்திரிகைக்காரன். தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை சபைக்கு வந்த நாட்களில் ஊடகவியலாளர் கலரியில் இருந்தேன். ஒரு முறை அமைச்சரின் பதிலில் ஒரு வசனம் எனக்குத் தெளிவாகவில்லை. அக்காவைக் கண்டு கேட்டேன். "என் வாயைப் பார்த்து எழுதாதேங்கோ தம்பி. அவர் சிங்களத்தில் பேசினது ஹன்சாட்டில் சிங்களத்திலேயே வரும், அதைப் பாருங்கோ" என்றார். தன் வேலையின் எல்லையை அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அன்றிலிருந்து மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் போடுவதில்லை.

*

வெள்ளவத்தையில் பக்கத்து வீடு. அமர்வு நாட்களில் இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அடுத்த நாள் விவாதத்துக்கான சட்டமூலத்தை வாசித்துவிட்டுத்தான் படுப்பார். அவரின் விளக்கு எரியும்.

*

பம்பலப்பிட்டியில் படிப்பிக்கிறேன். உயர்தர மாணவிகளைப் பாராளுமன்றம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தோம். பிள்ளைகள் ஜெஃப்ரி பாவா கட்டிய அந்தக் கட்டடத்தையும் தியவன்னா ஓயாவையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா தன் இடைவேளையில் வந்து, சாப்பாட்டை விட்டுவிட்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அதில் ஒருத்தி இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பு படிக்கிறாள். பிரியாவிடைக்கு அவளும் வர ஆசைப்படுகிறாள். நாளும் இடமும் முடிவானதும் சொல்லுங்கள், ரயிலுக்குப் பதிய வேண்டும்.